சித்திரை வெயிலில் கண்மாய்க்கரை

மேலூர்ப் பக்கம் கண்மாய்களில் தண்ணீர் நன்றாக வற்றிவிட்டது, தூண்டில் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. விடிந்ததும் போய்விடுங்கள். மண்புழுவைக் கோர்த்து மடைப் பக்கம் போட்டால் ஜிலேபி மீன் உடனே இழுக்கும், கெளுத்திக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஆனால் என்னைக் கேட்டால் விராலைப் பார்ப்பதே தனி சுகம். தண்ணீர் சூடாகச் சூடாக அதிலுள்ள ஆக்சிஜன் குறையும், மற்ற மீன்கள் திணறும், விரால் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து காற்றை ஒரு வாய் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும், அந்த 'ளபக்' சத்தம் கேட்டதும் தக்கையை மறந்து அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்புறம் நத்தைகுத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் சின்ன இடைவெளி தெரியும். சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி நத்தையை எடுத்து, ஓட்டை விட்டுச் சதையை மட்டும் உருவி விழுங்குகிற நேர்த்தி இருக்கிறதே! நீர்க்காகங்கள் கருவேல மரத்தில் சிறகை விரித்து ஈரம் காய வைத்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, பல ஊர்களில் மீன்பிடித் திருவிழாவுக்காகக் கண்மாயைக் காத்து வைத்திருப்பார்கள், பெரியவர்கள் வெள்ளைத் துண்டு வீசிய பிறகுதான் ஊத்தா என்கிற மீன்பிடிக் கூடையோடு இறங்கவே முடியும். அதனால் ஊரில் கேட்டுவிட்டுத் தூண்டிலைப் போடுங்கள். அறுந்த தங்கூசி நரம்பை, அதாவது தூண்டிலின் நைலான் நூலைத் தயவுசெய்து கரையில் விட்டுவிட்டு வராதீர்கள், பறவைகளின் காலில் சுற்றிக்கொள்கிறது.