டெல்லி கிளம்பும் முன் வெட்டிக் கழித்தவை

எங்கள் வீட்டில் முதலில் எழுதிய பட்டியலில் டெல்லி, ஆக்ரா, மதுரா, ஜெய்ப்பூர், ஹரித்வார், ரிஷிகேஷ், காசி எல்லாமே இருந்தன. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், பெரியவள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். அரையாண்டு விடுமுறை மொத்தமே பத்துப் பன்னிரண்டு நாள்தான். அதில் போக இரண்டு ராத்திரி ஒரு பகல், வர இரண்டு ராத்திரி ஒரு பகல் ரயிலுக்கே போய்விடும். மிச்ச நாளில் ஏழு ஊர் என்றால் ரயில் நிலையங்களைத்தான் சுற்றிப் பார்க்கலாம். அன்றிலிருந்து கிளம்பும் வரை நாங்கள் செய்த ஏற்பாடு என்று பார்த்தால், பெரும்பாலும் எதையாவது குறைத்துக்கொண்டே வந்ததுதான்.

காசியை மாமாதான் முதலில் எடுத்தார். "காசிக்கு டூர் மாதிரி போகக் கூடாது. அதற்குத் தனியா வரணும்" என்றார். அவர் சொன்னால் அத்தை மறுபேச்சு பேச மாட்டார், ஆனால் பதிலுக்கு ஹரித்வாரை விடவே கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டார். மதுராவும் ரிஷிகேஷும் யாருக்கும் பெரிய பிடிப்பு இல்லாததால் தானாக உதிர்ந்தன. ஜெய்ப்பூர் மட்டும் டிசம்பர் நடுவரை எங்களைத் தொந்தரவு செய்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று ஊர் என்று ஆனதும் கிழமைக் கணக்கு வந்தது. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. டெல்லி நிஜாமுதீனிலிருந்து ஆக்ராவுக்குக் காலை 8.10-க்குப் போகும் கதிமான் எக்ஸ்பிரஸும் வெள்ளிக்கிழமை ஓடாது. தாஜ்மகால் இல்லாத நாளில் அதற்கு என்ன வேலை! நாங்கள் டெல்லியில் இறங்குவது வெள்ளிக்கிழமை காலை என்பதால், அன்று ஓய்வும் குதுப்மினாரும், சனிக்கிழமை ஆக்ரா, ஞாயிறு செங்கோட்டை, திங்கள் ஹரித்வார் என்று வரிசை தானே அமைந்தது. கிழமையைப் பார்க்காமல் ஓட்டலைப் பதிவு செய்பவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன், அதனால் இந்தக் காகிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய பிறகுதான் வேறு எதையும் தொட்டோம்.

அடுத்தது ரயில். முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். கிளம்பும் நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். எண்ணிப் பார்த்தால் அக்டோபர் கடைசி வாரம் வந்தது. தீபாவளி முறுக்கு இன்னும் டப்பாவில் இருக்கும்போது டிசம்பர் குளிரைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு சிக்கல், பிள்ளைகளின் தேர்வு அட்டவணை அப்போது வந்திருக்கவில்லை. வகுப்பாசிரியையிடம் கேட்டதற்கு "வழக்கமா 23-ஆம் தேதி முடிஞ்சுடும், ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றார். அந்த வாக்கை நம்பி 24-ஆம் தேதி இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் என்று முடிவு செய்தோம். சென்னை சென்ட்ரலில் இரவு 10 மணிக்குக் கிளம்பும். விஜயவாடா, வாரங்கல், நாக்பூர், போபால், ஜான்சி, ஆக்ரா வழியாக மூன்றாம் நாள் காலை புதுடெல்லி. அந்த ரயிலே ஆக்ராவில் நிற்கிறதே, அங்கேயே இறங்கிவிட்டால் என்ன என்று என் கணவர் கேட்டார். விடியுமுன் இருட்டில், டிசம்பர் குளிரில், எழுபதைத் தாண்டிய இருவரையும் வைத்துக்கொண்டு, அதுவும் தாஜ்மகால் திறக்காத வெள்ளிக்கிழமையில் இறங்கி என்ன செய்வது? அதையும் அடித்துவிட்டோம்.

டிக்கெட் எடுக்கும்போது எனக்கு மிகவும் உதவியது ஒரு விஷயம். ஆறு பேருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட்டால் கீழ்ப் படுக்கை கிடைப்பது அதிர்ஷ்டம். பெரியவர்களுக்கென்று கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு தனியாக இருக்கிறது, ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அது செல்லும். அதனால் அத்தை, மாமா பெயரை மட்டும் தனி டிக்கெட்டாக, மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் போட்டோம். எங்கள் நால்வருக்கும் வேறு டிக்கெட். காலை 8 மணிக்கு நான் மடிக்கணினியிலும் என் கணவர் போனிலும் உட்கார்ந்தோம். ஆதார் இணைத்த கணக்குகளை முந்தைய வாரமே சரிபார்த்து வைத்திருந்தோம். அத்தை, மாமா இருவருக்கும் கீழ்ப் படுக்கை கிடைத்தது, ஆனால் பெட்டி வேறு. பெரியவளைத் தாத்தா பாட்டி பெட்டிக்குப் பகலெல்லாம் காவலாக அனுப்புவது என்று தீர்மானித்தோம். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனதை மாமா அன்றும் ஒருமுறை நினைவுபடுத்தினார். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நினைவுபடுத்துவார்.

திரும்பும் ரயில்தான் கஷ்டம். போகும் ரயிலை எடுத்து ஒரு வாரம் கழித்துத்தான் அதற்கு முன்பதிவு திறக்கும், அதுவும் புத்தாண்டு நாள். அதற்குள் மற்ற எதற்கும் முன்பணம் கட்ட வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். ஊருக்குத் திரும்ப டிக்கெட் உறுதியான பிறகுதான் ஓட்டல், கதிமான், ஹரித்வாருக்கு டேராடூன் சதாப்தி என்று வரிசையாக முடித்தோம். சதாப்தி புதுடெல்லியில் காலை 6.45-க்குக் கிளம்பும். அதற்காக ஓட்டலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பார்த்தோம். கரோல்பாக்கில் இன்னும் நல்ல அறை கிடைத்திருக்கும், ஆனால் அந்தக் குளிரில் அதிகாலை ஆட்டோ தேடும் வேலை இல்லாததே எனக்குப் பெரிய வசதியாகப் பட்டது.

இனி குளிர். செங்கல்பட்டில் மார்கழிக்குச் சால்வை போர்த்திக்கொள்பவர்கள் நாங்கள். டெல்லியில் டிசம்பர் கடைசியில் இரவு வெப்பநிலை பத்து டிகிரிக்கும் கீழே போகும். எல்லாவற்றையும் இங்கேயே வாங்கினால் விலையும் அதிகம், சுமையும் அதிகம். அங்கே போய் வாங்கலாம் என்றாலோ, காலை ஆறரைக்கு நடைமேடையில் இறங்கும்போது எந்தக் கடை திறந்திருக்கும்? ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸ், உள்ளே போட ஒரு தெர்மல் மட்டும் இங்கே. மீதி தேவைப்பட்டால் அங்கே நடைபாதைக் கடையில்.

அத்தைக்கு மட்டும் கூடுதலாக ஒரு கான்வாஸ் ஷூ. அது லேசில் நடக்கவில்லை. வாழ்நாள் முழுக்க செருப்பு, அதுவும் வாசல் தாண்டினால்தான். "சேலைக்கு ஷூவா? பாக்கிறவன் என்ன நினைப்பான்?" என்று பெட்டியைத் திறக்கவே விடவில்லை. சின்னவன் தானே நாடாவைத் தளர்த்தி, பாட்டி காலை மடியில் வைத்து மாட்டிவிட்டான். மெட்டி சாக்ஸில் மாட்டி இழுத்தது. மெட்டியைக் கழற்றவும் மாட்டார். கடைசியில் விரல் பிரிந்த சாக்ஸ் ஒன்று தேடிப் பிடித்தேன். பிறகு தினமும் சாயங்காலம் சீரியல் முடிந்ததும் கூடத்தில் ஊஞ்சலிலிருந்து பூஜையறை வரை ஷூவோடு நடை. பூஜையறை வாசலில் வந்ததும் டக்கென்று நின்று திரும்பிவிடுவார். புது ஷூ குதிகாலைக் கடிக்குமோ என்ற என் கவலை அந்த நடையில் தீர்ந்தது.

மருந்து விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. மாமாவுக்குச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினப்படி மாத்திரை. கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போதே டாக்டரிடம் அழைத்துப் போய், மருந்தின் வேதிப் பெயரோடு சீட்டு எழுதி வாங்கினோம். நம் ஊர் கம்பெனிப் பெயரைச் சொன்னால் வெளியூர்க் கடையில் கிடைக்காமல் போகலாம். முழு மருந்தையும் இரண்டாகப் பிரித்து ஒரு பங்கு என் கைப்பையில், ஒரு பங்கு அவர் பெட்டியில். ஒரு பை தொலைந்தாலும் மாத்திரை தொலையாது. அத்தையின் முழங்கால் உறை, தைலம், ஓஆர்எஸ் பொட்டலம், காய்ச்சல் மாத்திரை, அவ்வளவுதான். மருந்துக்கடையையே கொண்டுபோகவில்லை.

பெட்டிக்கு ஒரே ஒரு சட்டம் போட்டேன். ரயில் நிலைய மேம்பாலம் ஏற வேண்டியிருக்கும், அதனால் அவரவர் பெட்டியை அவரவரே தூக்கி மொட்டை மாடி வரை ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். அத்தைக்கும் மாமாவுக்கும் விலக்கு, அவர்கள் பெட்டி என் கணவர் தலையில். பெரியவள் பாதிப் படியில் நின்று, பெட்டியை அங்கேயே திறந்து, இரண்டு ஜீன்ஸையும் ஹேர் டிரையரையும் வெளியே எடுத்துவிட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் ஹிந்தி பிரசார சபாவின் பிராத்மிக் தேர்வு முடித்தவள். அவளை விட்டு ஓட்டல் பெயர், முகவரி, எங்கள் போன் எண் எல்லாவற்றையும் ஹிந்தியில் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லி, அத்தை பர்ஸிலும் மாமா சட்டைப் பையிலும் ஒவ்வொன்று வைத்தோம். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் யாரிடமாவது நீட்டினால் போதும். டிக்கெட், ஓட்டல் ரசீது, ஆதார் எல்லாம் போனில் இருந்தாலும் ஒரு செட் அச்செடுத்துக்கொண்டோம். ஓட்டலில் ஆதார் நகல் கேட்பார்கள். பத்து, இருபது ரூபாய் நோட்டு ஒரு கட்டு. கோயிலுக்கும் ரிக்‌ஷாவுக்கும் யுபிஐயை மட்டும் நம்ப முடியாது.

வீட்டைப் பூட்டுவதில்தான் அத்தைக்கு மனம் ஒப்பவில்லை. திருடன் பயத்தை விட, மார்கழி மாதம் வாசல் கோலம் இல்லாமல் கிடக்குமே என்பதுதான் கவலை. எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் பேசினேன். "நானே போடறேன் ஆன்ட்டி, எங்க வாசல் சின்னது, உங்க வாசல்லதான் பெரிய கோலம் போட முடியும்" என்றாள். அத்தை கோலமாவு, வண்ணப்பொடி, செம்மண் எல்லாம் எடுத்துக் கொடுத்து, எந்த நாள் எந்தப் புள்ளிக் கோலம் என்று நோட்டும் கொடுத்தார். யோசித்துப் பார்த்தால், காலையில் தெளித்துக் கோலம் போட்ட வாசலைப் பார்த்து யாரும் பூட்டிய வீடு என்று நினைக்க மாட்டார்கள். ஆனாலும் காவல் நிலையத்தில் போய்ச் சொல்லிவைத்தோம், ஊர் திரும்பும் வரை யாரும் வாட்ஸ்அப்பில் படம் போடக் கூடாது என்று பிள்ளைகளிடம் சத்தியமும் வாங்கினோம். பாலை நிறுத்துவது, துளசிக்குத் தண்ணீர், கேஸ் ரெகுலேட்டர், மோட்டார் இதெல்லாம் வழக்கம்போல.

கட்டுச்சோறு அத்தையின் பொறுப்பு. அதில் நான் தலையிடுவதில்லை. 24-ஆம் தேதி மதியம் இட்லி ஊற்றினார். சூடு முழுக்க ஆறும் வரை துணியில் பரப்பிவைத்தார். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கெட்டுவிடும் என்பார். ஆறியதும் மிளகாய்ப்பொடியில் நல்லெண்ணெய் தாராளமாகக் குழைத்து ஒவ்வொரு இட்லிக்கும் இரண்டு பக்கமும், ஓரத்திலும் தடவினார். அனலில் வாட்டிய வாழையிலையில் நாலு நாலாக வைத்துக் கட்டி, மேலே பேனாவால் 'ராத்திரி', 'காலை' என்று எழுதினார். மறுநாள் மதியத்துக்குப் புளியோதரை, வடகம். அன்று இரவுக்கு மட்டும் ரயில்வேயின் இணைய வழியில் போபாலில் சாப்பாடு சொல்லிவைத்தோம். கட்டிக்கொண்டு போகும் சாதத்தை ஒரு நாளைக்கு மேல் நம்ப அத்தைக்கே விருப்பமில்லை.

இப்போது ஜெய்ப்பூர். டிக்கெட் எல்லாம் முடிந்த பிறகு அட்டவணையில் ஒரே ஒரு நாள் காலியாக நின்றது. ஹரித்வாரிலிருந்து புதன்கிழமை டெல்லி திரும்புகிறோம், ஊருக்கு ரயில் வியாழன் இரவு. அந்த வியாழனைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் கை அரித்தது. புதன் இரவே ஜெய்ப்பூர் போய்விட்டு வரலாமே என்று என் கணவர் ரயில் கூடப் பார்த்துவிட்டார். அலுவலகத் தோழி ஒருத்தி டெல்லியில் சில வருடம் இருந்தவள். "டிசம்பர் கடைசியில மூடுபனி இறங்கினா ரயில் எப்போ வரும்னு ரயில்வேக்கே தெரியாது, மணிக்கணக்கா லேட் ஆகும்" என்றாள். நான் அந்தக் காலி நாளைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வீட்டில் இரண்டு நாள் முகம் தூக்கிக்கொண்டார்கள். சரி, தூக்கட்டும்.

ஆக்ராவுக்குப் போன அன்று கதிமான் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. நாங்கள் இறங்கி, தாஜ்மகால் வாசலுக்குப் பேட்டரி வண்டியில் போய்ச் சேரும்போது பனி விலகி வெயில் வந்திருந்தது. விடியற்காலையில் பார்க்க வந்தவர்களுக்கு வெள்ளை மட்டும்தான் தெரிந்ததாம். இந்தியர்களுக்கு நுழைவு 50 ரூபாய், கல்லறை இருக்கும் மேடைக்கு 200 தனி, பதினைந்து வயதுக்குக் கீழே இலவசம். முறுக்குப் பொட்டலத்தை வாசலிலேயே விட்டுவிடச் சொன்னார்கள். அத்தைக்கு அதில் இன்றும் வருத்தம்.

ஹரித்வாரிலிருந்து திரும்பிய ரயில் பனியில் மாட்டி, நாங்கள் டெல்லி வந்து சேரும்போது புதன் போய் வியாழன் பிறந்து வெகு நேரம் ஆகியிருந்தது. மதியம் வரை எல்லோரும் போர்வைக்குள் தூங்கினோம். சாயங்காலம் கரோல்பாக்கில் சின்னவனுக்கு ஒரு ஜெர்கின் வாங்கிக்கொண்டு ஓட்டலுக்குத் திரும்பி, அங்கிருந்து அவசரம் இல்லாமல் நடந்தே ரயில் நிலையத்துக்கு வந்து, பெட்டி எங்கே நிற்கும் என்று பார்த்து உட்கார்ந்தோம். ரயில் வரும் நேரத்தில் மாமா மெதுவாக ஆரம்பித்தார், காசிக்கு எத்தனை நாள் முன்னாடி டிக்கெட் எடுக்கணும் என்று.