சித்தியின் பழைய ஃபைலும் என் எடை குறைப்பு ஊசியும்

எடை குறைய ஊசி போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. அதில் மூன்று வாரம் கும்பகோணத்தில் சித்தி வீட்டுப் பீரோவில் ஒரு காகிதத்தைத் தேடியே போனது.

எனக்கு 44 வயது. திருச்சியில் அலுவலக வேலை, பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். 2025 ஏப்ரலில் 94 கிலோ இருந்தேன். உயரம் 158 சென்டிமீட்டர். உயரத்துக்கு எவ்வளவு எடை என்று பார்க்கும் பி.எம்.ஐ. 37-ஐத் தாண்டியிருந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்பதுதான் கணக்கு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.3. அது 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோயாளி என்று எழுதிவிடுவார்கள். ஈரலில் கொழுப்பு, அதாவது ஃபேட்டி லிவர் கிரேடு 2, பிரஷருக்கு ஒரு மாத்திரை, படியேறினால் முனகும் வலது முழங்கால். அம்மாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் ஒன்றை எடுத்தாகிவிட்டது. அந்தக் காலுக்குத் தினமும் மருந்து வைத்துக் கட்டுபவள் நான்தான். 6.5 என்ற எண் எனக்கு வெறும் எண் இல்லை.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று ஆறு மாதம் கொள்ளு ரசம் குடித்திருக்கிறேன். இரவில் வெறும் கோதுமை தோசை, காலையில் நடை, எல்லாம் உண்டு. ஆறு கிலோ குறையும், ஒரு தீபாவளி வந்தால் எட்டாகத் திரும்பும். ஒரு தடவை ஓர்லிஸ்டாட் மாத்திரையும் சாப்பிட்டேன். அது சாப்பாட்டுக் கொழுப்பை உடம்பில் சேரவிடாமல் அப்படியே வெளியே தள்ளும் மாத்திரை. வெளியே என்றால் எப்படி என்பது, ஆபீசில் நாற்காலியை விட்டு எழுந்தபோது புடவையில் தெரிந்த எண்ணெய்க் கறையில் புரிந்தது. அன்றோடு நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்காரர் இந்த ஊசி விஷயத்தில் ஆரம்பத்திலிருந்தே எதிர்க்கட்சி. காரணம் என் அக்கா. 2009-இல் அவள் சிபுட்ரமின் என்ற மாத்திரை சாப்பிட்டாள். நன்றாக இளைத்தாள், படபடப்பும் இருந்தது. இதய நோய் இருப்பவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயத்தை அது கூட்டுகிறது என்று பிறகு தெரியவந்து, 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகளிலிருந்து எடுத்தார்கள். 2011-இல் இங்கேயும் தடை. "அதையும் ஒரு டாக்டர்தானே எழுதிக் கொடுத்தார்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. நல்ல கேள்விதான்.

அதே கேள்வியைத்தான் டாக்டரிடம் முதலில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. இந்த வகை மருந்து நேற்று வந்ததல்ல என்றார். அமெரிக்காவில் 2005-லேயே சர்க்கரைக்கு அனுமதி பெற்ற எக்ஸெனடைடுதான் முதல் ஊசி. கீலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் எச்சிலில் கிடைத்த ஒரு பொருளைப் பார்த்துச் செய்தது. (வீட்டில் இதைச் சொன்னதும், "பல்லி வயித்துல விழுந்தா என்ன பலன்னு பஞ்சாங்கத்துல பாருடி" என்றாள் அம்மா.) எனக்கு அவர் யோசித்தது டிர்செபடைடு, அதாவது மவுஞ்சாரோ. அது அந்த 2025 மார்ச்சில்தான் இந்தியாவுக்கு வந்திருந்தது. சாப்பிட்ட பிறகு குடல் சுரக்கும் இரண்டு ஹார்மோன்களைப் போல நடித்து, மூளைக்குப் 'போதும்' என்று சொல்லும். வயிறு காலியாவதையும் மெதுவாக்கும். சர்க்கரை நோய் இல்லாத 2,539 பேரிடம் 72 வாரம் நடந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. 5 மில்லிகிராம் போட்டவர்களுக்குச் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது, 15 மில்லிகிராமில் ஏறக்குறைய 21. மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 3 சதவீதம்.

அப்புறம் கேள்வி கேட்பது அவர் முறை. கணையத்தில் வீக்கம் வந்திருக்கிறதா? பித்தப்பையில் கல்? கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேனா? (இந்த ஊசியோடு அந்த மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். 44 வயதில் இன்னொரு பிள்ளை என்ற அபாயம் என் கணக்கிலேயே இல்லை, ஆனால் ஆபீசில் சின்னப் பெண்களுக்கு இதை அன்றே சொல்லிவிட்டேன்.) கடைசியாக, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா?

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சித்தியின் கழுத்துத் தழும்பு ஞாபகம் வந்தது.

இந்த மருந்து எலிகளுக்குத் தைராய்டில் ஒரு வகைக் கட்டியை வரவழைத்திருக்கிறது. மனிதர்களுக்கும் அப்படி வரும் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தால் இந்த ஊசி கூடவே கூடாது. சித்திக்கு 2003-இல் ஆபரேஷன். என்ன வகை? "ஏதோ கட்டின்னு எடுத்தாங்க" என்பதற்கு மேல் அவளுக்கே தெரியாது. "ரிப்போர்ட் பார்க்காம நான் எழுதமாட்டேன்" என்று டாக்டர் முடித்துவிட்டார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு யோசித்தால், அந்த மனிதர் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததே அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் அவ்வளவு பழைய ரெக்கார்டு எல்லாம் இருக்காது என்று கையை விரித்தார்கள். மூன்று சனிக்கிழமை கும்பகோணம் போனேன். பீரோவில் ஜாதகங்கள், பத்திரங்கள், யார் யார் கல்யாணப் பத்திரிகையோ எல்லாம் இருந்தன, அந்தக் காகிதம் மட்டும் இல்லை. மூன்றாவது வாரம், இறந்துபோன சித்தப்பாவின் பென்ஷன் ஃபைலுக்குள் மடித்து வைத்த பயாப்சி ரிப்போர்ட் கிடைத்தது. பாப்பில்லரி கார்சினோமா. வேறு வகை, மெடுல்லரி இல்லை. எனக்கு ஊசி போடலாம்.

ஆனால் கார்சினோமா என்றால் என்ன என்று சித்தி கேட்டாள். சித்தப்பா அவளிடம் சொல்லவே இல்லை. சொல்லக்கூடாது என்றுதான் அவள் கை படாத ஃபைலில் வைத்திருக்கிறார். புற்றுநோய் என்று நான் மென்று விழுங்கிச் சொன்னேன். சித்தி அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இருபத்திரண்டு வருஷம் ஓடிடுச்சு. இனிமே எதுக்குப் பயப்படறது?" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள். ஊசியின் பக்கவிளைவு என்று எந்தப் பட்டியலிலும் இது இருக்காது.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது சுருக்கமான விஷயம் இல்லை. வாரம் ஒரு ஊசி. நான் ஆரம்பித்த 2025-இல் 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. ஆக மாதம் முதலில் 14,000, பிறகு 17,500. எங்கள் இன்ஷூரன்ஸில் ஒரு பைசா வராது. பெண்ணின் ஹாஸ்டல் கட்டணத்தை விட அதிகம். வீட்டுக்காரர் பேப்பரில் கணக்குப் போட்டுவிட்டு, "எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டார். அக்கா பற்றிய கேள்வியை விட இது கஷ்டமான கேள்வி. இதற்குப் பின்னால் வருகிறேன்.

ஜூன் முதல் ஞாயிறு முதல் ஊசி. அப்போது பேனா வடிவ ஊசி வரவில்லை. குப்பியிலிருந்து இன்சுலின் சிரிஞ்சில் இழுக்க வேண்டும். வயிற்றுச் சதையை எப்படிப் பிடிப்பது, ஊசியை உடனே உருவாமல் எப்படி நிறுத்துவது எல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குப் பதினைந்து வருட இன்சுலின் அனுபவம். "உனக்குத்தான் சக்கரையே வரலியேடி, எதுக்கு இந்த ஊசி?" என்று புலம்பிக்கொண்டேதான் சொல்லிக்கொடுத்தாள். வராமல் இருக்கத்தான் அம்மா என்றால், "அப்போ சரி" என்றாள்.

குப்பி ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் கூடாது. வெளியே வைத்தால் 30 டிகிரிக்குள் 21 நாள். திருச்சியில் ஜூன் மாதம் 30 டிகிரி எங்கே இருக்கும் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னால் தேவலை. கடையிலிருந்து ஐஸ் பையோடு கொண்டுவருவேன்.

இரண்டாவது வாரம் ஒரு மாற்றம். நான்கு மணிக்கு ஆபீசில் பஜ்ஜி வாசனை வந்தது, வந்த வழியே போய்விட்டது. என் தலைக்குள் நாள் முழுக்க ஓடும் 'அடுத்து என்ன சாப்பிடலாம்' என்ற ரேடியோவை யாரோ அணைத்துவிட்டார்கள். முப்பது வருடம் என்னை மனக்கட்டுப்பாடு இல்லாதவள் என்று நானே திட்டிக்கொண்டது அன்றைக்குக் கொஞ்சம் அழுகையாக வந்தது. ஒல்லியாக இருப்பவர்களுக்கு இந்த ரேடியோவே கிடையாதா?

மற்ற பக்கமும் உண்டு. அழுகிய முட்டை நாற்றத்தோடு ஏப்பம். ஊசி போட்ட மறுநாள் குமட்டல், அதனால்தான் சனிக்கிழமைக்கு மாறினேன், ஞாயிறு படுத்துக்கிடக்கலாம். நான்கு நாள் மலச்சிக்கல். 5 மில்லிகிராமுக்கு ஏறியபோது இரண்டு தடவை வாந்தி. மூன்றாம் மாதம் சீப்பில் கொத்துக்கொத்தாக முடி. வேகமாக எடை குறைந்தால் அப்படித்தான், திரும்ப முளைக்கும் என்றார் டாக்டர். முளைக்கிறது, நெற்றியோரம் குட்டிக் குட்டியாக. ஆவணியில் நாத்தனார் பெண்ணின் கல்யாணப் பந்தியில் சாம்பாரோடு வயிறு நின்றுவிட்டது. ரசம், பாயசம், மோர் எல்லாம் இலையிலேயே. சம்பந்தி வீட்டார் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அக்டோபரில் ஒரு ராத்திரி மேல்வயிற்றில் வலி ஆரம்பித்து முதுகு வரை ஓடியது. கணையமோ என்று பயந்து எமர்ஜென்சிக்கு ஓடினோம். கணையத்தில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கும் லைப்பேஸ் ரத்தப் பரிசோதனை நார்மல். ஸ்கேனில் பித்தப்பையில் சேறு மாதிரி படிந்திருந்தது. ஆரம்பத்தில் எடுத்த ஸ்கேனில் இது இல்லை. வேகமாக இளைத்தால் பித்தப்பைக் கல் வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்தான். சொல்லிக் கேட்பதும் ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றில் கேட்பதும் வேறு வேறு. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. டோஸை ஏற்றாமல் 5-லேயே நிறுத்தி, மார்ச்சில் மறுபடி ஸ்கேன் பார்ப்பது என்று முடிவு.

எடுத்த பலன் என்ன? 2026 பிப்ரவரியில் 82 கிலோ. சர்க்கரைச் சராசரி 5.6. பிரஷர் மாத்திரை பாதியாகிவிட்டது. ஃபேட்டி லிவர் கிரேடு 1. முழங்கால் முனகுவதில்லை. முழங்கால் சரியானதால் இந்த மார்கழியில் பல வருடத்துக்குப் பிறகு வாசலில் குந்தி உட்கார்ந்து கோலம் போட்டேன். போட்டு முடித்து எழுந்தால், தொடை எழவில்லை. கோலப்பொடி டப்பாவைப் பிடித்துக்கொண்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் எதிர்வீட்டு அக்கா கைகொடுத்துத் தூக்கினார்கள். குறையும் எடையில் கால்வாசி கொழுப்பு அல்ல, தசையும் மற்றவையும்தான். பசியே இல்லாதபோது பருப்பும் முட்டையும் யாருக்கு இறங்கும்? ஒரு வாய்த் தயிர்சாதத்தோடு நாளை ஓட்டியிருக்கிறேன். இப்போது பசித்தாலும் பசிக்காவிட்டாலும் முட்டை, சுண்டல், பனீர் ஏதாவது ஒன்று முதலில், சோறு அப்புறம்தான். தினமும் நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது முப்பது தடவை, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன்கள்தான் என் டம்பெல். இதை முதல் ஊசியன்றே ஆரம்பித்திருக்க வேண்டும்.

ஆபீசில் ஒருத்தி, பையன் கல்யாணத்துக்குள் ஆறு கிலோ குறைய வேண்டும் என்று, ஜிம்மில் யாரோ பிரித்து விற்கும் குப்பியில் பாதியை வாங்கப்போவதாகச் சொன்னாள். ஒருவருக்கு ஒரு தடவை என்று வரும் குப்பியை இரண்டாகப் பங்கு போட்டால் சுத்தத்துக்கு யார் பொறுப்பு? அவள் சித்திக்குக் கழுத்தில் என்ன தழும்பு என்று அந்த ஜிம்காரன் கேட்பானா? ஆறு கிலோவுக்கு இந்த மருந்து வேண்டியதே இல்லை என்பது என் கருத்து. சொன்னேன். என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

'எவ்வளவு நாளைக்கு' என்ற கேள்விக்கு வருகிறேன். இதே மருந்தை 36 வாரம் போட்டுவிட்டு நிறுத்தியவர்களையும் தொடர்ந்தவர்களையும் இன்னொரு ஒரு வருடம் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். தொடர்ந்தவர்கள் மேலும் 5.5 சதவீதம் குறைந்தார்கள். நிறுத்தியவர்களுக்கு 14 சதவீதம் திரும்ப ஏறியது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறாதா, அது மாதிரிதான் என்கிறார் டாக்டர். நியாயம். ஆனால் பிரஷர் மாத்திரை மாதம் 17,500 ரூபாய் இல்லையே! இதே வகையைச் சேர்ந்த செமாகுளுடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சில் முடிவதாக இருந்தது. உள்நாட்டுக் கம்பெனிகள் வரிசையில் நின்றன. விலை இறங்கினால் அதற்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். பித்தப்பை அதற்கும் இதே பித்தப்பைதான் என்றார்.

ஆகவே 2026 மார்ச் ஸ்கேன் வரைக்கும் இப்படியே என்று முடிவு. முட்டைத் தட்டுக்குக் கீழே இன்னும் மூன்று வார ஊசி இருக்கிறது. என் ரிப்போர்ட்டுகளையும் சித்தியுடைய ஃபைலிலேயே போட்டு வைத்திருக்கிறேன். அவள் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள், அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடு, அதில் உன் சித்தப்பா கையெழுத்து இருக்கிறது என்று.