கூச்சம் விட்டுக் கேளுங்கள்

எங்கள் நர்சிங் மாணவிகள் பயிற்சி பெறும் வார்டுகளுக்குக் கீழக்கரை மூதாட்டியும் வருவார், தங்கச்சிமடத்து மீனவரும் வருவார், மண்டபம் அகதிகள் முகாமில் வாழும் இலங்கைத் தமிழ்ப் பெண்ணும் வருவார். ராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தங்களில் நீராடும்போது வழுக்கி விழுந்த வடமாநிலப் பக்தர்களும் உண்டு. எதையாவது தவறாகக் கேட்டுவிடுவோமோ என்ற பயத்தில், மாணவிகள் வாய் திறக்காமல் பி.பி. பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதை மரியாதை என்றே நினைக்கிறார்கள். நோயாளிக்கோ தன்னை ஒதுக்குவதாகப் படுகிறது.

ஒரு ரமலான் மாதம். காலில் ஆறாத புண்ணோடு சர்க்கரை நோயாளியான மூதாட்டி ஒருவர். இறுதியாண்டு மாணவி குளுக்கோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள். விரலில் குத்தினால் நோன்பு முறிந்துவிடுமோ என்று அவளுக்குச் சந்தேகம். அவரிடமே கேட்கச் சொன்னேன். மூதாட்டி சிரித்தபடி விரலை நீட்டினார். "இதனால் முறியாது மகளே, குத்து." பிறகு பேச்சு தடையில்லாமல் ஓடியது. விடியலுக்கு முன் உண்ணும் சஹரில் என்ன சாப்பிட்டார், இன்சுலினை எந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டார், மாலையில் கை நடுங்குகிறதா, எல்லாவற்றையும் அவரே சொன்னார். சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கினால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்று மாணவி எடுத்துச் சொன்னபோது மறுக்காமல் கேட்டுக்கொண்டார்.

'இந்த மதத்தார் இப்படி, இந்தத் தொழிலார் இப்படி' என்று மனப்பாடம் செய்யவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பண்பாடு சார்ந்த செவிலியத்துக்கு அடித்தளமிட்ட மேடலின் லெய்னிங்கரே 1960களில் பப்புவா நியூகினிக்குப் போய், காட்சுப் என்ற பழங்குடி மக்களோடு தங்கித்தான் கற்றுக்கொண்டார்.

கேள்வியிலும் பக்குவம் வேண்டும். 'சொந்த ஊர் எது?' என்பது நமக்குச் சாதாரண விசாரிப்பு. முகாமிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அது வலிக்கும். 'துணைக்கு யார் இருக்கிறார்கள்?' என்று தொடங்கலாம்.

ஏர்வாடி தர்காவுக்கு மனநோயாளிகளை அழைத்து வரும் குடும்பங்களிடம் பேசுவதுதான் கடினம். 2001-இல் அங்கே ஒரு காப்பகத் தீவிபத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்ததைப் படித்துவிட்டு மாணவிகள் கோபத்தோடு வருகிறார்கள். நியாயமான கோபம். ஆனால் எதிரே நிற்கும் தாயிடம் அதைக் காட்டினால் அவர் மருத்துவமனைப் பக்கமே வரமாட்டார். மகன் இரவில் தூங்குகிறானா, மாத்திரை தொடர்கிறதா என்று கேட்கட்டும். துஆ என்னும் பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்தே நடக்கட்டும்.

நோயாளிக்கான பராமரிப்புத் திட்டமான கேர் பிளானில் 'மதம்' என்ற கட்டத்தை மட்டும் நிரப்பிக் கொண்டுவந்தால் இப்போது நான் ஏற்பதில்லை. நோயாளியிடம் கேட்ட ஒரு கேள்வியும் அவர் சொன்ன பதிலும் அதன் கீழே இருந்தால்தான் கையெழுத்துப் போடுகிறேன்.