இருவருக்குமான விசா

வெளிநாட்டில் வேலை தேடுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளத்தையும், நிரந்தரமாகத் தங்க எத்தனை ஆண்டு ஆகும் என்பதையும் வைத்தே நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கணவனோ மனைவியோ மாற்றுத்திறனாளியாக இருக்கும் குடும்பத்துக்கு அந்தக் கணக்கு போதாது. கூட வருபவரின் உடல்நிலையை அந்த நாட்டின் விசா விதி எப்படிப் பார்க்கிறது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். ஒரே நாட்டிலேயே ஒரு வகை விசா அவரை அரசுக்குச் செலவு வைப்பவராகக் கணக்கிடும்; வேறொரு வகை அந்தக் கேள்வியையே எழுப்பாது. நாங்கள் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்ததற்கு இதுவே காரணம்.

என் கணவருக்கு ஒரு பைக் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் புனர்வாழ்வு மையத்தில்தான், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறவும், நேரம் பார்த்துக் கதீட்டர் போட்டுச் சிறுநீரை வெளியேற்றவும், படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளவும் பழகினார். அதன்பின் திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்கும் போனார். மென்பொருள் துறையில் இருக்கும் எனக்கு வெளிநாட்டு வாய்ப்புகள் வரத் தொடங்கியபோது அவர் சொன்னது ஒன்றுதான்: “எனக்காக நீ போகாம இருக்க வேண்டாம். ஆனா நீ முதல்ல போயிட்டு அப்புறமா என்னைக் கூப்பிடுறேன்னு மட்டும் சொல்லாத.”

கனடாவில் குடியேற விண்ணப்பிப்பவரால் பொது மருத்துவத்துக்கு அளவுக்கு மீறிய செலவு ஏற்படும் என்று கணித்தால் விண்ணப்பத்தை மறுக்கலாம் எனச் சட்டம் சொல்கிறது. 2018-இல் அந்த வரம்பை மும்மடங்காக உயர்த்தினார்கள். சிறப்புக் கல்வி, தனிப்பட்ட பராமரிப்பு உதவி போன்றவற்றைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். 2023-இல் அந்த வரம்பு ஐந்தாண்டுக்கு 1,28,445 கனடா டாலர். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் பலருக்கு இந்த மாற்றம் உண்மையாகவே வழி திறந்தது. விலையுயர்ந்த மருந்தை ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்பவர்களுக்குத்தான் இன்னும் சிக்கல். ஏற்கெனவே கனடாவில் நிரந்தரமாக வாழும் ஒருவர் தன் துணையை ஸ்பான்சர் செய்து அழைத்தால் இந்தச் செலவு வரம்பு பொருந்தாது. இதைக் கேட்டதும் ‘அப்படியானால் ஒருவர் முதலில் போய்விடலாமே’ என்று தோன்றும். ஆனால் திறன் அடிப்படையில் விண்ணப்பிப்பவர் தன் துணையைப் படிவத்தில் காட்டியே தீர வேண்டும், உடன் வராவிட்டாலும் அவருக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு, அதன் முடிவு முதன்மை விண்ணப்பதாரரையும் பாதிக்கும். காட்டாமல் மறைத்தவர்கள் பிற்பாடு ஸ்பான்சர் செய்யும் உரிமையையே இழக்க நேரும். இந்த மறைக்கும் வழியை யோசனையாகச் சொல்லும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். அவர்களை நம்பவே கூடாது.

ஆஸ்திரேலியாவின் விதி இன்னும் இறுக்கமானது. நாங்கள் பார்த்தபோது செலவு வரம்பு 51,000 ஆஸ்திரேலிய டாலராக இருந்தது. 2024 ஜூலையில் அதை 86,000 ஆக்கினார்கள். நிரந்தரமான குறைபாடு என்றால் பத்தாண்டு வரையிலான செலவையும் கூட்டிப் பார்ப்பார்கள். குடும்பத்தில் ஒருவர் மருத்துவத் தகுதியில் தேறாவிட்டால் அனைவருக்குமே விசா மறுக்கப்படும். சில வகை விசாக்களில் விலக்குக் கேட்கலாம்; புள்ளி அடிப்படையில் தனித்து விண்ணப்பிக்கும் வகையில் அந்த வழி கிடையாது. பிரிட்டனில் இப்படிப்பட்ட செலவுக் கணக்கு இல்லை, காசநோய்ப் பரிசோதனை மட்டுமே உண்டு. ஆனால் ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணத்தை விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஊனமுற்றோர் உதவித்தொகை எதையும் நிரந்தரவாசம் கிடைக்கும் வரை கேட்க முடியாது. அங்கே எனக்கு ஸ்பான்சர் செய்ய முன்வந்த நிறுவனமும் இல்லை.

ஜெர்மனியின் புளூ கார்டு என்னும் வேலை அனுமதிக்குப் பட்டமும், அதற்கேற்ற வேலையும், குறிப்பிட்ட அளவு சம்பளமும் இருந்தால் போதும். 2024-இல் அந்தச் சம்பளம் ஆண்டுக்கு 45,300 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளில் 41,041.80 யூரோ. கணவருக்கு ஜெர்மன் மொழித் தேர்வு தேவையில்லை. வந்த நாள் முதல் அவரும் வேலை செய்யலாம். விசாவுக்காக மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. உடல்நிலைக்கு இவ்வளவு செலவாகும் என்று யாரும் கணக்குப் போடுவதும் இல்லை. கேட்பது ஒன்றுதான்: வருமானமும் முறையான மருத்துவக் காப்பீடும் இருக்கிறதா?

அந்தக் காப்பீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அரசு முறைக் காப்பீட்டில் சேர்ந்தால், வருமானம் இல்லாத அல்லது மிகக் குறைந்த வருமானமுள்ள துணை கூடுதல் பிரீமியம் இல்லாமல் அதிலேயே அடங்கிவிடுவார். அவருக்கு ஏற்கெனவே என்ன நோய் என்று கேட்டு மறுக்கவும் முடியாது. தனியார் காப்பீடு அப்படியல்ல. அது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உடல்நிலையைப் பார்த்து விலை வைக்கும், சேர்க்காமலும் விடும். சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டியவர்களுக்குத் தனியாருக்கு மாறும் உரிமை உண்டு, இளம் பொறியாளர்களை இழுக்க மலிவான விலையும் சொல்வார்கள். துணைக்கு உடல்நலக் குறை இருக்கும் எவரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது என் திடமான கருத்து. மாறிய பிறகு திரும்பி வருவது மிகக் கடினம். எங்களுக்கு இப்போது கதீட்டர்கள் மருத்துவரின் சீட்டுக்கு மாதாமாதம் பெட்டியாக வீட்டுக்கு வருகின்றன. நாங்கள் கட்டும் பங்கு மாதத்துக்கு 10 யூரோவைத் தாண்டாது. திருச்சியில் இருந்தபோது, ஒரு முறை பயன்படுத்தி எறிய வேண்டிய கதீட்டரைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவோம். அதனால் வந்த சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சல்கள் இங்கே வந்தபின் வெகுவாகக் குறைந்துவிட்டன.

பராமரிப்புக் காப்பீடு என்று தனியாக ஒன்று இருக்கிறது. சம்பளத்திலிருந்து அதற்கும் பிடிக்கிறார்கள், ஆனால் இரண்டாண்டு காப்பீட்டில் இருந்த பிறகே பலன் கேட்க முடியும். இதை வருவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அந்த இரண்டாண்டும் உதவிக்கு ஆள் வைத்தால் நம் கைக்காசுதான். அரசின் சமூக உதவி நிதியை நாடினாலோ தங்கும் அனுமதிக்கே அது இடைஞ்சலாகலாம். நாமே பங்கு கட்டிய காப்பீட்டிலிருந்து வரும் பணத்துக்கு அந்தத் தடை இல்லை. என் மாமியார் மூன்று மாதப் பயண விசாவில் வந்து உதவினார். மற்ற காலத்தில் நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களைக் கணவருடைய பிசியோதெரபிக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டேன்.

விசாவை விட வீடுதான் எங்களை வாட்டியது. நாங்கள் குடியேறிய டோர்ட்முண்டில் பழைய கட்டடங்களே அதிகம். தரைத்தளம் என்று விளம்பரத்தில் இருக்கும்; போய்ப் பார்த்தால் நிலவறைக்கு வெளிச்சம் விட வேண்டி வீட்டை உயர்த்திக் கட்டியிருப்பார்கள், வாசலுக்கும் வீட்டுக்கதவுக்கும் நடுவில் ஐந்தாறு படிகள் இருக்கும். லிஃப்ட் உள்ள வீடுகளில் அந்த லிஃப்டே அரை மாடி ஏறிய பிறகு தொடங்கும். அதனால் நான் வீடு பார்க்கப் போகும் முன்பே மூன்று அளவுகளை எழுதிக் கேட்கத் தொடங்கினேன்: தெருவிலிருந்து கதவு வரை எத்தனை படி, குளியலறைக் கதவின் அகலம், கழிப்பறைக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்த இடம். பதில் எழுதாதவர்களே அதிகம். கடைசியில் ஒரு வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் புதிய கட்டடத்தில் இடம் கிடைத்தது.

ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போனபோது பழக்கமான ஈழத்து அக்கா ஒருவர்தான் ஊனமுற்றோர் அடையாள அட்டையைப் பற்றி எடுத்துச் சொன்னார். “தங்கச்சி, வீடு பதிஞ்ச உடனேயே அதுக்கு எழுதிப் போடுங்கோ, பிந்தவேண்டாம்” என்றார். இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் யுடிஐடி அட்டை இங்கே செல்லாது. ஆனால் வேலூரிலிருந்து ஆங்கிலத்தில் வாங்கி வந்திருந்த டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேன் அறிக்கைகளும் பெரிதும் உதவின. அட்டையுடன் ஆண்டுக்கு 104 யூரோ கட்டினால் நாடு முழுவதும் உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் கணவர் பயணச்சீட்டு இல்லாமல் போகலாம். துணையாள் தேவை என்ற குறியீடு அதில் இருப்பதால் உடன் போகும் எனக்கும் கட்டணம் இல்லை. தொலைதூர ரயில் என்றால் ஏறி இறங்க, சக்கர நாற்காலியை உயர்த்தும் லிஃப்ட் வேண்டுமென்று முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும்.

இரண்டாண்டு முடிந்ததும் பராமரிப்புக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தோம். மதிப்பிட வீட்டுக்கு வந்த பெண்மணி என் கணவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறச் சொல்லிப் பார்த்தார். சாக்ஸ் போட எவ்வளவு நேரம், கதீட்டர் ஒரு நாளைக்கு எத்தனை முறை, தோலைச் சோதிப்பது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நம் ஊர் ஆண்களுக்கு ‘எல்லாம் நானே செய்வேன்’ என்று சொல்லத்தான் வரும். அவரும் அப்படித்தான் தொடங்கினார். முந்தின நாளே நாங்கள் உட்கார்ந்து எழுதி வைத்திருந்த அன்றாடக் குறிப்பை எடுத்து நான் நீட்டினேன். பராமரிப்புத் தேவையில் இரண்டாம் நிலை என்று முடிவானது. மாதம் 347 யூரோ. அந்தப் பணத்தில் வாரத்தில் சில மணி நேரம் ஓர் உதவியாளர் வருகிறார்.

கணவர் இப்போது ஜெர்மன் வகுப்பில் பி1 என்னும் இடைநிலையில் படித்துக்கொண்டே கணக்குத் துறையில் வேலைக்கு விண்ணப்பித்து வருகிறார். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஐந்து விழுக்காடு இடங்களைக் கடும் ஊனமுற்றவர்களுக்குத் தர வேண்டும், தராவிட்டால் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். அதனால் விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே தன் அட்டையைப் பற்றி எழுதிவிடுகிறார். ஊரில் நேர்காணல் வரை அதைச் சொல்லாமல் வைத்திருப்பது அவர் வழக்கம். அடுத்த வாரம் ஒரு வரி ஆலோசனை அலுவலகத்தில் நேர்காணல் இருக்கிறது. வாசலில் படி இல்லை, கழிப்பறைக் கதவு தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம் என்று அழைப்புக் கடிதத்திலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள்.