கெட்டானா, கேட்டானா

ஓலைச்சுவடி வேலைக்குச் சேர்ந்த புதிதில், என்றாவது ஒரு கட்டை அவிழ்க்கும்போது யாரும் பார்க்காத பழம்பாட்டு ஒன்று கிடைத்துவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். ஆறு மாதத்தில் கைக்கு வந்ததெல்லாம் வைத்தியமும் சோதிடமும்தான். அப்புறம் ஒருநாள், ஓலைக்கு மேல் வைக்கும் மரச்சட்டம் கூட இல்லாமல் மூலையில் கிடந்த ஒரு கட்டைத் தள்ளிவிட்டார்கள். பட்டியலில் அதற்குப் பெயர் 'இதர'. கடன் சீட்டு, நெல் கணக்கு, பங்காளிச் சண்டை, இவைதான்.

தூசி தட்டி, எலுமிச்சம்புல் எண்ணெய் தடவி, விளக்குக் கரியைத் தேய்த்துத் துடைத்தால் எழுத்தாணி கீறிய கோடெல்லாம் கருப்பாக எழுந்து வரும். அந்த நிமிஷம் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. வாசிப்பதுதான் பாடு. ஓலையில் பெரும்பாலும் புள்ளி கிடையாது, காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும், எகர ஏகார வித்தியாசமும் இல்லை. 'அ' என்று வாசித்துக்கொண்டே போனால் அது எட்டைக் குறிக்கும் தமிழ் எண்ணாக, எட்டுப் பணமாக இருக்கும். செய்யுள் என்றால் எதுகை, மோனை, தளை என்று ஏதாவது கைகொடுக்கும். கடன் சீட்டுக்கு யார் தளை பார்த்தார்கள்?

ஓர் ஓலையில் 'தமபி வநது கெடடான' என்று இருந்தது. அதற்குமேல் ஒடிந்துவிட்டது. தம்பி வந்து கெட்டான் என்று படித்து, ஒரு குடும்பமே அழிந்த கதையை மனசுக்குள் கட்டி, விவரணைக் குறிப்பிலும் எழுதிவிட்டேன். கூட வேலை பார்த்த பெரியவர் பார்த்துச் சிரித்தார். "அவன் எங்கே கெட்டான் தம்பி? கேட்டான்! அதே கை எழுதின இன்னொரு ஓலையை எடுத்துப் பாருங்க." எடுத்தேன். 'வடடி கெடடான குடுககவிலலை' என்று தெளிவாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் பெரியபுராணத்தை மறுபடி புரட்டினேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதியது. சுந்தரர் தனக்கு அடிமை என்று அவருடைய பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலையோடு கிழவராகச் சிவன் வருகிறார். சுந்தரர் அந்தப் படியோலையைக் கிழித்துவிட, கிழவர் திருவெண்ணெய்நல்லூர் சபையில் மூல ஓலையை நீட்டுகிறார். சபையோர் சாட்சிக் கையெழுத்துகளைப் பார்க்கிறார்கள், அதோடு விடாமல் சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை ஆவணக் காப்பிலிருந்து வரவழைத்து எழுத்தை ஒப்பிடுகிறார்கள். பள்ளியில் இதைப் பக்திக் கதையாக மட்டும் படித்தேன். இப்போது பார்த்தால் என் ஆபீஸ் நடைமுறை.

சேக்கிழார் பாட்டு நம் கைக்கு வந்தது, ஓலை இற்றுப்போகும் முன் யாரோ ஒருவர் திரும்பத் திரும்பப் படியெடுத்ததால்தான். அவர் காலத்துக் கடன் சீட்டை யார் படியெடுப்பார்கள்? கடன் தீர்ந்தால் கிழித்துப் போடுகிற சாமான் அது. கல்லில் வெட்டியது மட்டும் தப்பியது. என் கட்டு அவ்வளவு பழசும் இல்லை. ஓர் ஓலையில் விகிர்தி வருஷம் என்று இருக்கிறது, அறுபது வருஷச் சுற்றில் அது 1770 ஆகலாம், 1830 ஆகலாம், 1890 கூட ஆகலாம். மாதத் தேதியும் கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்து கிடைத்தால் பிடித்துவிடலாம், இதில் கிழமை மட்டும் எழுதியிருக்கிறான் மனுஷன்.

குறிப்பை அடித்துத் திருத்தினேன். தம்பி கேட்டது வட்டியா, நிலமா என்பதுதான் பிடிபடவில்லை. தம்பிக்கு முந்தின சொல் இருந்த இடத்தை ராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது.