சனிக்கிழமை காலை பத்து மணி முதல்

கணவர் வீட்டிலிருந்து நான் வெளியேறிய அன்று என் மகன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவனுக்கு அப்போது ஆறு வயது. இரண்டு நாளில் போய் அழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் ஏழு மாதமாயிற்று. நேரில் போனால் கதவு திறக்கவில்லை. போன் செய்தால் தூங்குகிறான், விளையாடப் போயிருக்கிறான் என்றார்கள். பிறகு அதையும் எடுப்பதில்லை.

அந்த ஏழு மாதத்தில் நான்கு மாதத்தை நானாகவே வீணாக்கினேன். "ஐந்து வயது தாண்டிவிட்டால் பிள்ளை அப்பாவுக்குத்தான். கோர்ட்டுக்குப் போனாலும் கிடைக்காது" என்று உறவில் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அது தவறு. 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டம், ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதற்குமேல் தாய்க்கு உரிமை இல்லை என்று எங்கும் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. குழந்தை யாரிடம் வளர்கிறது என்பது ஒரு கேள்வி. மற்றவர் அதைப் பார்த்துப் பழகுவது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை தெரிய ஆண்டுகள் ஆகலாம், அதற்காக இரண்டாவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இதை யாராவது முதல் வாரமே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

காவல் நிலையத்துக்குப் போனேன். குடும்ப விவகாரம், நீதிமன்றத்தில் பாருங்கள் என்றார்கள். வக்கீல் வைக்கக் கையில் பணமில்லை. உடன் வேலை செய்யும் அக்கா ஒருவர்தான் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பற்றிச் சொன்னார். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருகிறார்கள். நான் வேலைக்குப் போகிறவள் என்பதால் கிடைக்காது என்று பயந்திருந்தேன். சம்பளச் சான்றிதழ் கேட்கவே இல்லை. ஒரு விண்ணப்பம், அடையாள அட்டை நகல், பிரச்சினை என்ன என்று ஒரு பக்கம். அவ்வளவுதான். ஆண்களில் சில பிரிவினரைத் தவிர மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

அங்கே ஒரு விஷயம் தெரிந்தது. நான் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன், அது வேறு மாவட்டம். மனுவை நான் இருக்கும் ஊரில் போட முடியாது. பையன் வழக்கமாக எங்கே வசிக்கிறானோ அந்த எல்லைக்குட்பட்ட குடும்ப நல நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். விண்ணப்பத்தை இங்கேயே வாங்கி அந்த மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் ஒரு பெண் வழக்கறிஞரை நியமித்துக் கடிதம் வந்தது.

அவரைப் பார்க்கப் போனபோது பதினொரு பக்கம் எழுதி எடுத்துப் போனேன். கணவர் சொன்னது, மாமியார் செய்தது, நகை, அடி, எல்லாம் தேதிவாரியாக. அவர் நிதானமாகப் படித்து முடித்தார். பிறகு பேனாவைத் திருப்பி என்னிடம் கொடுத்து, "அம்மா, இதில் உங்கள் மகனைப் பற்றி எந்த வரிகள் இருக்கின்றன, கோடு போடுங்கள்" என்றார். பக்கம் பக்கமாகத் தேடினேன். நான்கு வரிக்குத்தான் கோடு போட முடிந்தது. என் கை நடுங்கியது. "மற்றதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேறு மனு இருக்கிறது. இந்த மனுவில் நீதிபதி குழந்தையை மட்டும்தான் தேடுவார்" என்றார்.

அன்றிரவு உட்கார்ந்து திரும்ப எழுதினேன். அவனுக்கு மூச்சிரைப்பு வந்தால் எப்படித் தூக்கி உட்கார வைக்க வேண்டும், எந்தப் பாடத்துக்குப் பயப்படுவான், தூங்கும்முன் என் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொள்வான். இரண்டு பக்கம் வந்தது.

எங்களுக்குள் விவாகரத்து வழக்கு எதுவும் இல்லை. இருந்திருந்தால் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின் கீழ் அந்த வழக்கிலேயே குழந்தைக்காகத் தனி மனு போட்டிருக்கலாம். இல்லாததால் 1890-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கும் பாதுகாவலர் சட்டத்தின் கீழ், குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதற்கான மூல மனுவும், அது முடியும்வரை குழந்தையைப் பார்க்க இடைக்கால மனுவும் சேர்த்து என் வழக்கறிஞர் தாக்கல் செய்தார். இடைக்கால மனுவைக் கேட்டு வாங்குங்கள். மூல மனுவை மட்டும் போட்டுவிட்டு வாய்தா வாய்தாவாக அலைந்தவர்களை அந்த வராந்தாவில் நான் பார்த்தேன்.

முதலில் எங்கள் இருவரையும் நீதிமன்ற ஆலோசகரிடம் அனுப்பினார்கள். பராமரிப்புத் தொகை கேட்கும் வழக்கை நான் வாபஸ் வாங்கினால் பையனைக் காட்டுவதாகக் கணவர் அங்கே சொன்னார். ஒரு கணம் சரி என்று சொல்லவிருந்தேன். பிள்ளையைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போடக் கூடாது என்று ஆலோசகரே அவரிடம் சொல்லிவிட்டார்.

நீதிபதி முன் என் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தின் 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைக் காட்டினார். தாய், தந்தை இருவரின் அன்பும் கிடைப்பது குழந்தையின் உரிமை. நேரில் பார்க்க முடியாதபோது வீடியோ அழைப்பிலாவது பேச வழி வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் அதுவரை என் உரிமை, என் உரிமை என்றே பேசிக்கொண்டிருந்தேன்.

நீதிமன்ற வளாகத்திலேயே குழந்தைகளுக்கென்று இருக்கும் அறையில், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பார்க்க உத்தரவானது. முதல் நாள் அவன் பாட்டியின் பின்னால் நின்றான். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வராவிட்டால் தாங்க மாட்டேன். தரையில் உட்கார்ந்து அங்கே கிடந்த கட்டைகளை அடுக்கினேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். பக்கத்தில் வந்து ஒரு கட்டையை எடுத்து மேலே வைத்தான். அது சரிந்து விழுந்ததும் சிரித்தான். கீழ்வரிசையில் இரண்டு பல் இல்லை. என் மகனுக்குப் பல் விழுந்தது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

மூன்று மாதம் கழித்து, வெளியே அழைத்துப்போக அனுமதி கேட்டோம். கிடைத்தது. ஆனால் அந்த உத்தரவில் "இரு தரப்பினரும் பேசி முடிவு செய்யும் நேரத்தில்" என்று ஒரு சொற்றொடர் இருந்தது. எனக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை. அடுத்த ஐந்து வாரமும் அந்தச் சொற்றொடர்தான் என்னை அழவைத்தது. பேசவும் இல்லை, முடிவாகவும் இல்லை. ஒரு வாரம் காய்ச்சல், ஒரு வாரம் விசேஷம். எந்த உத்தரவையும் அவர் மீறியதாகச் சொல்லவும் முடியாது.

இந்த முறை என் வழக்கறிஞர் என்னையே பட்டியல் எழுதச் சொன்னார். எந்தச் சனிக்கிழமைகள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் கொண்டுவந்து விடுவது, யார் திரும்ப அழைத்துப்போவது. உடம்புக்கு முடியாவிட்டால் எத்தனை மணிக்குள் செய்தி அனுப்ப வேண்டும், விட்டுப்போன நாளுக்குப் பதில் எந்த நாள். வாரத்தில் இரண்டு நாள் இரவு ஏழரை மணிக்கு வீடியோ அழைப்பு, எந்த எண்ணில். கோடை விடுமுறையில் பாதி, அது எந்தப் பாதி. பள்ளியின் மதிப்பெண் அட்டையைப் பார்க்க எனக்கும் அனுமதி. சிறுபிள்ளைத்தனமாக இவ்வளவு நுணுக்கமா என்று நீதிபதி நினைப்பாரோ என்று கூசினேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்து, இரண்டைத் திருத்தி, மீதியை அப்படியே உத்தரவாக்கினார். "முதல் மற்றும் மூன்றாம் சனிக்கிழமை காலை பத்து மணி முதல் ஞாயிறு மாலை ஐந்து மணி வரை" என்ற வரியை வாசலில் நின்று நான்கு முறை படித்தேன்.

அதன் பிறகும் ஒருமுறை கொண்டுவரவில்லை. இப்போது மணி, இடம், செய்தி அனுப்பாதது எல்லாம் என் நோட்டில் தேதியோடு இருந்தன. அந்த ஒரு பக்கத்தை வைத்து மனு போட்டோம். நீதிபதி அவரை நிறுத்திக் கேட்டார், அடுத்த வாரமே பதில் நாள் கிடைத்தது. குழந்தை தொடர்பான உத்தரவுகள் முடிந்த முடிவல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம். அது எனக்கும் பொருந்தும், அவருக்கும் பொருந்தும்.

ஒன்று மட்டும் நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். அப்பா வீட்டில் என்ன நடந்தது என்று அவனிடம் கேட்பதில்லை. முதல் சில வாரங்கள் கேட்டேன். பதில் சொல்லும்முன் அவன் என் முகத்தைப் பார்த்தான். எந்தப் பதில் எனக்குப் பிடிக்கும் என்று தேடினான். அன்றோடு நிறுத்தினேன்.

மூல மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நேற்றிரவு வீடியோ அழைப்பில் வாயைத் திறந்து காட்டினான், மேல்பல் ஒன்று ஆடுகிறது. சனிக்கிழமைக்குள் விழுந்துவிட்டால் எனக்காக எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறான்.