எந்தப் பதிப்பு, எந்தப் பத்தி? கலைத்திட்ட ஆவணங்களோடு ஐந்து வாரம்

ஆய்வேட்டின் இரண்டாம் இயலை நெறியாளரிடம் கொடுத்து ஒன்பது நாள் கழித்துத் திரும்பப் பெற்றேன். முதல் பக்கத்திலேயே ஒரு வாக்கியத்தைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். "5ஆம் வகுப்பு வரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்று இந்தியாவின் தேசியக் கல்விக் கொள்கை 2020 விதிக்கிறது" என்று நான் எழுதியிருந்தது. ஓரத்தில் மூன்றே சொற்கள்: "எந்தப் பத்தி? பார்த்தீர்களா?"

பார்த்திருந்தேன். ஆனால் ஓராண்டுக்கு முன்பு பார்த்து, குறிப்பேட்டில் என் சொற்களில் சுருக்கி வைத்திருந்தேன். இயலை எழுதும்போது குறிப்பேட்டைத்தான் திறந்தேன், ஆவணத்தைத் திறக்கவில்லை. அன்று இரவு 4.11ஆம் பத்தியை எடுத்துப் படித்தேன். "இயன்ற இடங்களில் எல்லாம்" என்ற பொருளில்தான் அந்த வாக்கியமே தொடங்குகிறது. குறைந்தது 5ஆம் வகுப்பு வரை, 8ஆம் வகுப்பு வரையும் அதற்கு மேலும் தொடர்ந்தால் நல்லது என்கிறது. வீட்டுமொழி, தாய்மொழி, உள்ளூர் மொழி, வட்டார மொழி என்று நான்கைச் சொல்கிறது. நான் அந்த நான்கில் மூன்றை விட்டுவிட்டு, தொடக்கத்தில் இருந்த தளர்வையும் விட்டுவிட்டு, "விதிக்கிறது" என்று முடித்திருந்தேன். இயலின் முதல் வாதம் முழுவதும் அந்த ஒரு வினைச்சொல்லின்மேல் நின்றது.

ஆசிரியரிடம் கல்வி ஆவணங்கள் எதை எதிர்பார்க்கின்றன என்று இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கலைத்திட்டங்களையும் (எந்த வகுப்பில் எதைக் கற்பிப்பது என்ற திட்டங்கள்) ஆசிரியர் தரநிலைகளையும் ஒப்பிடுவது என் ஆய்வு. அந்த இயலில் மட்டும் இப்படிப்பட்ட மேற்கோள்கள் 41 இருந்தன. ஒன்றில் தவறியவர் மற்றவற்றில் தவறியிருக்க மாட்டார் என்று எப்படி நம்புவது? 41ஐயும் மூல ஆவணத்தோடு வைத்துச் சரிபார்க்க முடிவு செய்தேன். ஐந்து வாரம் ஆனது. எங்கள் துறையில் மேற்கோள் காட்ட அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏபிஏ) நடைக்கையேட்டு ஏழாம் பதிப்பின் முறைதான் வழக்கம் என்பதால் அதையே இங்கே சொல்கிறேன்.

முதல் சிக்கல், ஆவணத்தை எழுதிய ஆசிரியர் யார் என்பது. நூல் என்றால் அட்டையில் பெயர் இருக்கும். கலைத்திட்டத்துக்கு ஒரு நிறுவனம்தான் ஆசிரியர், அந்த நிறுவனத்தின் பெயரோ மாறிக்கொண்டே இருக்கும். தேசியக் கல்விக் கொள்கைக்கு நான் "கல்வி அமைச்சகம்" என்று எழுதியிருந்தேன். ஆவணத்தின் அட்டையில் இருப்பது "மனிதவள மேம்பாட்டு அமைச்சகம்". 2020 ஜூலை 29 அன்று அமைச்சரவை கொள்கைக்கு ஒப்புதல் தந்தபோதுதான் அமைச்சகத்தின் பெயரும் மாற்றப்பட்டது. வெளியான ஆவணம் பழைய பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆவணத்தில் உள்ள பெயரையே எழுத வேண்டும். தேடுகிறவர் கையில் கிடைக்கப்போவது அந்த அட்டைதானே.

மொழியிலும் கணிதத்திலும் மாணவர் எட்ட வேண்டியதைச் சொல்லும் அமெரிக்காவின் பொது மையத் தரநிலைகளில் (காமன் கோர்) இதைவிடப் பெரிய பிழை. "அமெரிக்கக் கல்வித் துறை, 2010" என்று எழுதியிருந்தேன். அதை உருவாக்கியது கூட்டாட்சி அரசு அல்ல. மாநில ஆளுநர்களின் சங்கத்தைச் சேர்ந்த சிறந்த நடைமுறைகளுக்கான மையமும் மாநிலக் கல்வித் தலைமை அதிகாரிகளின் மன்றமும் சேர்ந்து வெளியிட்டவை அவை. யார் எழுதினார் என்பதே அங்கே பெரிய அரசியல் விவாதமாக இருந்திருக்கிறது. ஆசிரியர் பெயரைத் தவறாகப் போட்டதால் அந்த விவாதத்தில் ஒரு தரப்பின் கூற்றை அறியாமலே உண்மை என்று பதிவு செய்திருந்தேன். 2013இல் வந்த அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகளுக்கு அதை முன்னின்று உருவாக்கிய மாநிலங்களின் கூட்டுப் பெயரே ஆசிரியர் பெயர். அதையும் திருத்தினேன்.

சோட்டீரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறுவனப் பெயரை ஒற்றைப் பெட்டியில் இடாமல் முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு பெட்டிகளில் இட்டால் அது நிறுவனத்தை மனிதராக எண்ணிவிடும். இங்கிலாந்துக் கல்வித் துறை என் பட்டியலில் "எஜுகேஷன், டி. ஃபார்" என்று நின்றது. பெட்டியை மாற்றினால் சரியாகிவிடும்.

ஆண்டு இன்னும் சிக்கலானது. இங்கிலாந்தின் ஆசிரியர் தரநிலைகள் 2011 ஜூலையில் வெளியாகி, 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தன. முன்னுரை 2013 ஜூனிலும், கலைச்சொற்கள் கடைசியாக 2021 டிசம்பரிலும் புதுப்பிக்கப்பட்டன. நான் படித்த கட்டுரைகளில் ஒரே ஆவணத்துக்கு 2011, 2012, 2013 என்று மூன்று ஆண்டுகள் இருந்தன. என் கையில் இருந்தது 2021இன் வடிவம். அதனால் மேற்கோளில் 2021 என்று போட்டேன், தரநிலைகள் பிறந்தது 2011இல் என்பதை வாக்கியத்துக்குள்ளேயே சொன்னேன். "பத்தாண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் உள்ள" என்று எழுதிவிட்டு அடைப்புக்குள் 2021 என்று மட்டும் போட்டால் வாசகர் குழம்பத்தான் செய்வார்.

ஆஸ்திரேலியக் கலைத்திட்டம் அச்சு நூல்போல் அசையாமல் இருப்பதில்லை, அது ஓர் இணையதளம். 8.4ஆம் பதிப்புக்குப் பிறகு 2022இல் 9.0 வந்தது. ஒவ்வொரு பாடப்பொருளுக்கும் ஒரு குறியீடு உண்டு. பழைய பதிப்பில் கணிதக் குறியீடுகள் "ஏசிஎம்" என்று தொடங்கும், புதியதில் "ஏசி9எம்" என்று தொடங்கும். என் அட்டவணை ஒன்றில் இரண்டு வகையும் கலந்து கிடந்தன. ஒரு பாதியை 2021இலும் மறுபாதியை 2023இலும் திரட்டியதன் விளைவு. இரண்டு வேறு கலைத்திட்டங்களை ஒன்றென்று காட்டி, அதை வைத்து வேறு நாட்டோடு ஒப்பிட்டிருக்கிறேன்! அட்டவணையை அழித்துவிட்டு 9.0ஐ மட்டும் வைத்து மறுபடி போட்டேன். பதிப்பு எண், குறியீடு, பார்த்த நாள் மூன்றையும் சேர்த்தேன். பார்த்த நாளை ஏபிஏ எல்லா இணையப் பக்கத்துக்கும் கேட்பதில்லை. மாறிக்கொண்டே இருக்கும்படி அமைந்த பக்கங்களுக்குத்தான் கேட்கிறது.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை அதிகம் உலுக்கியது. இங்கிலாந்தின் தேசியக் கலைத்திட்டத்தில், சில பாடங்களில் சட்டப்படி கட்டாயமான பகுதிகள் ஒருபுறமும், "குறிப்புகளும் வழிகாட்டலும்" என்ற கட்டாயமற்ற பகுதி ஒருபுறமும் இருக்கின்றன. கட்டாயப் பகுதிக்குள்ளேயே சதுர அடைப்புக்குள் வரும் எடுத்துக்காட்டுகளும் கட்டாயம் அல்ல. நான்காம் ஆண்டு மாணவர் 12 × 12 வரை பெருக்கல் வாய்பாட்டை நினைவிலிருந்து சொல்ல வேண்டும் என்பது கட்டாயம். அதை ஒட்டி வரும் விளக்கங்கள் வழிகாட்டல். நான் எடுத்திருந்த ஏழு மேற்கோள்களில் மூன்று வழிகாட்டல் பகுதியைச் சேர்ந்தவை. மூன்றையும் "கலைத்திட்டம் கட்டாயமாக்குகிறது" என்றே எழுதியிருந்தேன். பக்க எண் சரி, ஆண்டு சரி, நிறுவனப் பெயர் சரி. எந்த மென்பொருளும் இந்தப் பிழையைப் பிடித்திருக்காது.

வினைச்சொல்லை மட்டும் நம்பியும் இதைத் தீர்க்க முடியாது. ஆசிரியர் தரநிலைகளில் ஆங்கிலத்தில் வருவது "மஸ்ட்", கலைத்திட்டத்தில் மாணவருக்குக் கற்பிக்கப்பட வேண்டியவற்றைச் சொல்லும்போது வருவது "ஷுட்". தமிழில் இரண்டும் "வேண்டும்" ஆகிவிடுகின்றன. அதனால் ஒவ்வொரு மேற்கோளுக்கும் என் வாக்கியத்திலேயே "சட்டப்படி கட்டாயமான பகுதியில்" அல்லது "வழிகாட்டல் குறிப்பில்" என்று சேர்த்தேன். நீளம் கூடியது. நெறியாளர் அதைக் குறைக்கச் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பிலும் ஒரு விதி எனக்குத் தெரியாமல் இருந்தது. ஆங்கில ஆவணத்தின் வரியை நானே தமிழாக்கிவிட்டு அதற்கு மேற்கோள் குறி இட்டுவந்தேன். ஏபிஏ ஏழாம் பதிப்பின்படி, ஆய்வாளர் தானே மொழிபெயர்த்த பகுதி தன் சொற்களில் சொன்னதாகவே கொள்ளப்படும், மேற்கோள் குறி கூடாது. முதலில் இது வீண் நுணுக்கம் என்று நினைத்தேன். 4.11இல் நான் செய்ததை நினைத்துப் பார்த்தபோது அந்த விதி முழு நியாயம் என்று புரிந்தது. குறியை எடுத்த பிறகு, அது என் வாசிப்பு என்பது வாசகருக்கும் எனக்கும் தெரிகிறது. ஆவணமே அதிகாரபூர்வமாகத் தமிழில் வந்திருந்தால் அதை அப்படியே குறிக்குள் எடுக்கலாம், தமிழ்ப் பதிப்பு என்று பட்டியலில் சொல்லிவிட வேண்டும்.

பக்க எண்ணா, பத்தி எண்ணா என்று கேட்டால் பத்தி எண் என்பேன். கல்விக் கொள்கையின் பெரும்பாலான பத்திகளுக்கு எண் இருக்கிறது. கோப்பு மாறினால் பக்கம் நகர்ந்துவிடும், 4.11 அங்கேயேதான் இருக்கும். ஆஸ்திரேலிய ஆசிரியர் தரநிலைகளும் இதற்கு வசதியானவை: 7 தரநிலைகள், அவற்றுக்குள் 37 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பணிநிலைகள். கூறின் எண்ணோடு பணிநிலையையும் சொன்னால்தான் மேற்கோள் முழுமையாகும். புதிதாகப் பட்டம் பெற்றவரிடம் எதிர்பார்ப்பதும் தலைமை நிலை ஆசிரியரிடம் எதிர்பார்ப்பதும் ஒன்றல்ல.

குறிப்பேட்டில் 2019ஆம் ஆண்டின் வரைவுக் கொள்கையிலிருந்தும் இரண்டு வரிகள் கலந்திருந்தன. வரைவு 480 பக்கத்துக்கு மேல், இறுதி ஆவணம் ஆங்கிலத்தில் 66 பக்கம். சுருங்கியபோது விடுபட்டவை ஏராளம். ஒரு வரியை "வரைவு" என்று குறிப்பிட்டு வைத்துக்கொண்டேன், இன்னொன்றுக்கு இறுதி ஆவணத்தில் இடமே இல்லாததால் நீக்கினேன்.

கடைசியாகத் திருத்தியது 5.20ஆம் பத்தி. ஆசிரியர்களுக்கான தேசியத் தொழில்முறைத் தரநிலைகள் 2022க்குள் உருவாக்கப்படும் என்கிறது அது. நான் "2022இல் உருவாக்கப்பட்டன" என்று எழுதி, அடைப்புக்குள் கொள்கையைச் சான்று காட்டியிருந்தேன். 2020இல் வந்த ஓர் ஆவணம் 2022இல் நடந்ததற்கு எப்படிச் சான்றாகும்? அது சொன்னது ஒரு திட்டம், நான் எழுதியது ஒரு நிகழ்வு. "உருவாக்கப்படும் என்று கொள்கை அறிவித்தது" என்று மாற்றினேன். அதன்பின் இயல் முழுவதும் "கற்கிறார்கள்", "செய்கிறார்கள்", "பின்பற்றப்படுகிறது" என்ற சொற்களைத் தேடிப் பார்த்தேன். கலைத்திட்டத்தைச் சான்று காட்டி வகுப்பறையில் இப்படி நடக்கிறது என்று எழுதிய பதினோரு இடங்கள் அகப்பட்டன. எட்டை "எதிர்பார்க்கிறது" என்று திருத்தினேன். மூன்றுக்குக் கள ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிச் சேர்த்தேன்.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் என் ஆய்வேட்டில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தார். "இந்தத் தரநிலைகளைப் பற்றிக் கொள்கை என்ன சொல்கிறது என்று சொல்லுங்கள்" என்றார். பத்தி எண்ணைச் சொன்னேன். மடிக்கணினியில் ஆவணத்தை எடுத்து, 5.20 வரை நகர்த்தி, வாய்க்குள்ளேயே படித்துப் பார்த்தார். தலையை அசைத்துவிட்டு, மூன்றாம் இயலுக்குப் போனார்.